பெருத்த அணுக்களின் கடன்: கல்கத்தாவும் ஒரு நொதியின் வரலாறும்

கொல்கத்தாவின் சித்தரஞ்சன் அவென்யூவில், மருத்துவக் கல்லூரிக்கு அருகில், வெப்பமண்டல மருத்துவப் பள்ளி நிற்கிறது. லெனார்ட் ராஜர்ஸின் முயற்சியால் 1914-இல் தொடங்கப்பட்டு, போர்க்காலத் தாமதங்களுக்குப் பின் 1920களின் தொடக்கத்தில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அது. காலா அசார், காலரா, தொழுநோய் ஆகியவற்றின் வரலாற்றில் அதன் பெயர் தவறாமல் இடம்பெறும். ஆனால் 1930களில் அங்கு நடந்த இன்னொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. சோகையால் வெளுத்த நோயாளிகளின், குறிப்பாகக் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, சிவப்பணுக்களின் எண்ணிக்கையையும் பருமனையும் அளக்கும் வேலை அது. அந்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் இருக்கவேண்டிய அளவைவிடப் பெருத்திருந்தது. அவை ஏன் பெருத்தன என்பதற்கு முழு விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த விடையின் நடுவில் இருப்பது ஒரு சிறிய நொதி: டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ். ஆய்வாளர் வழக்கில் டிஎச்எஃப்ஆர்.

உயிர்வேதியியல் பாடநூல்களில் இந்நொதியின் கதை பெரும்பாலும் பாஸ்டனில் தொடங்குகிறது. 1947-48 குளிர்காலத்தில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்தார். பின்னர் மெத்தோட்ரெக்சேட் வந்தது. அது தடுக்கும் நொதி எதுவென்று கண்டறியப்பட்டது. இது தவறான வரலாறு அன்று. இடையில் தொடங்கும் வரலாறு. அதற்கு முந்தைய 20 ஆண்டுகள் பம்பாயிலும், குன்னூரிலும், சென்னையிலும், கல்கத்தாவிலும் கழிந்தவை. அந்த ஆண்டுகளைச் சேர்த்துப் படித்தால் அறிவியல் வரலாற்றாளர் கவனிக்கவேண்டிய ஒரு வரிசை தெரியவரும். முதலில் குறைபாடு கண்டறியப்பட்டது, பிறகு அக்குறையைத் தீர்க்கும் பொருள், பிறகு அப்பொருளை ஏய்க்கும் மருந்து, கடைசியாகத்தான் நொதி. நொதியை முதலில் கண்டு, அதிலிருந்து நோயை விளக்கியவர் எவருமில்லை. நோயாளிகளின் உடலே முதல் சான்றாக இருந்தது.

1. நொதி செய்யும் வேலை

மனித உடல் நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாக ஆக்குகிறது. அவற்றின் தாயணுக்கள் எலும்பு மச்சையில் இடைவிடாமல் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் முன் டிஎன்ஏ முழுவதும் ஒருமுறை படியெடுக்கப்பட வேண்டும். அதற்கு நான்கு வகை நியூக்ளியோடைடுகள் தேவை. அவற்றுள் தைமிடைலேட் டிஎன்ஏவுக்கே உரியது. யூரிடின் வகை நியூக்ளியோடைடு ஒன்றின்மீது ஒரு கார்பன் குழுவை ஏற்றி அதை உருவாக்குகிறது தைமிடைலேட் சிந்தேஸ் என்னும் நொதி. அந்த ஒற்றைக் கார்பனைச் சுமந்துவருவது டெட்ராஹைட்ரோஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலத்தின் முழுதும் ஒடுக்கப்பட்ட வடிவம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மற்ற ஒற்றைக் கார்பன் வினைகளில் சுமைதாங்கி தன் சுமையை இறக்கிவிட்டு அதே வடிவில் திரும்புகிறது. தைமிடைலேட் வினையில் மட்டும் அது கார்பனோடு தன் ஹைட்ரஜனையும் இழந்து, டைஹைட்ரோஃபோலேட்டாகப் பயனற்று நிற்கிறது. அதை மீண்டும் டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாற்றுவதே டிஎச்எஃப்ஆரின் பணி. ஹைட்ரஜனை அது என்ஏடிபிஎச் என்னும் துணைநொதியிடமிருந்து பெறுகிறது. இந்த மீட்பு நின்றால் தைமிடைலேட் ஆக்கம் நிற்கும். பியூரின் வளையத்தின் இரண்டு கார்பன்களும் இதே ஃபோலேட் வழியாகவே வருவதால், அடினைன், குவானைன் நியூக்ளியோடைடுகளின் புத்தாக்கமும் தளரும்.

மச்சையில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும் வடிவில் வெளிப்படுகிறது. டிஎன்ஏ ஆக்கம் தடைபடுகிறது. புரத ஆக்கமும் ஹீமோகுளோபின் ஆக்கமும் தொடர்கின்றன. ஆகவே அணு பிரியாமல் வளர்ந்துகொண்டே போகிறது. உட்கரு முதிராமல் நிற்க, அதைச் சுற்றியுள்ள பகுதி முதிர்ந்துவிடுகிறது. தைமின் போதாத இடத்தில் யுராசில் டிஎன்ஏவுக்குள் நுழைகிறது. அதை வெட்டி நீக்கும் செப்பனிடு நொதிகள் மீண்டும் மீண்டும் இழையை அறுக்கின்றன. அத்தகைய அணுக்களுள் பல மச்சையிலேயே மடிகின்றன. தப்பி வெளிவருபவை எண்ணிக்கையில் குறைவு, உருவில் பெரியவை. கல்கத்தாவின் கண்ணாடிச் சில்லுகளில் தெரிந்தவை இவைதாம். அளந்தவர்களுக்கு அன்று இந்த விளக்கம் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

2. பம்பாய், குன்னூர், திருவல்லிக்கேணி

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். இந்தியாவில் மகளிர் மருத்துவப் பணியில் நீண்ட காலம் உழைத்த மார்கரெட் பால்ஃபர், கருவுற்ற பெண்களைக் கொல்லும் கடுஞ்சோகையை ஆராயுமாறு அவரை அழைத்திருந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே இந்நோய் மிகுதி. ஹாஃப்கின் நிறுவனத்தில் இடம் பெற்ற வில்ஸ், முதலில் தொற்றுக் கிருமி ஏதேனும் உண்டா என்று தேடினார், கிடைக்கவில்லை. பிறகு நோயாளிகள் என்ன உண்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். காய், பழம், பால், இறைச்சி அரிதாக இருந்த சமையலறைகளிலிருந்தே நோயாளிகள் வந்தனர்.

1929-இல் சில மாதங்கள் அவர் குன்னூரின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். அங்கே ராபர்ட் மெக்காரிசனின் ஊட்டச்சத்து ஆய்வகம் இயங்கிவந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக அறியப்படுவது அதன் வழிவந்ததே. 1931-இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில், திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா மருத்துவமனையில் இருந்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனையே அது. பர்தா வழக்கமுடைய பெண்களுக்காக 1885-இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனையைச் சென்னைவாசிகள் இன்றும் பழைய பெயரால்தான் குறிப்பிடுகின்றனர்.

பெண்களின் உணவை ஒத்த உணவைக் கொடுத்தபோது குரங்குக்கும் அதே பெருவணுச் சோகை உண்டாயிற்று. ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அது தீர்ந்தது. பிரிட்டனில் ரொட்டியில் தடவி உண்ணும் மார்மைட் என்ற மலிவுப் பொருளே அந்தச் சாறு. பெண்களுக்கும் அதைக் கொடுத்தார். சில நாட்களிலேயே இளஞ்சிவப்பணுக்கள் பெருகின. 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இம்முடிவு வெளியாயிற்று. ஈஸ்டில் உள்ள அந்தப் பெயரற்ற பொருள் பின்னாளில் வில்ஸ் காரணி எனப்பட்டது.

இதன் முக்கியத்துவம் மருந்தோடு முடிவதன்று. கொடிய சோகைக்குக் கல்லீரலை உணவாகக் கொடுத்தால் குணமாகும் என்று 1926-இல் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் காட்டியிருந்தனர். பெருத்த சிவப்பணுக்கள் அந்நோயிலும் காணப்படும். எனவே இரண்டும் ஒரே நோயென்று கருதுவது எளிது. ஆனால் கல்லீரல் சாற்றை மேன்மேலும் தூய்மைப்படுத்தியபோது, கொடிய சோகை அதற்குக் கட்டுப்பட்டது. இந்தியப் பெண்களின் சோகை கட்டுப்படவில்லை. தூய்மைப்படுத்தாத சாறோ ஈஸ்டோ மட்டுமே அவர்களுக்கு உதவியது. ஆக, இரண்டு காரணிகள் உண்டு என்பது இந்திய மருத்துவமனைப் படுக்கைகளிலிருந்து தெளிவாயிற்று. தூய சாற்றில் எஞ்சியிருந்தது வைட்டமின் பி12. கழிவோடு போனது ஃபோலேட். இந்தப் பெயர்கள் பின்னர் வந்தவை. வேறுபாடு முதலில் நோயாளிகளிடம் அறியப்பட்டது.

3. கல்கத்தாவின் அளவுகோல்கள்

கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் லயனல் எவரார்ட் நேப்பியர். காலா அசார் ஆய்வால் பெயர் பெற்றவர். இந்தியன் மெடிக்கல் கெசட்டின் ஆசிரியராகவும், பின்னர் பள்ளியின் இயக்குநராகவும் இருந்தவர். அவரோடு சேர்ந்து உழைத்தவர் சி. ஆர். தாஸ்குப்தா.

இவர்களுக்கு எழுந்த முதல் தடை நோயைப் பற்றியது அன்று, நலத்தைப் பற்றியது. ஓர் இந்தியரின் இரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருந்தால் அது இயல்பு? சிவப்பணுவின் இயல்பான பருமன் என்ன? கையிலிருந்த அளவுகள் ஐரோப்பியரிடமும் அமெரிக்கரிடமும் எடுக்கப்பட்டவை. அவற்றை அப்படியே பொருத்தினால் நலமுள்ளவரும் நோயாளியாகத் தோன்றலாம். அல்லது, வெப்பநாட்டு மக்களுக்கு இரத்தம் குறைவாக இருப்பதே இயல்பு என்று நோயாளியைக் கைவிடவும் கூடும். காலனி ஆட்சிக்கால மருத்துவத்தில் இந்த இரண்டாவது வாதத்துக்கு வசதி அதிகம். அதைத் தவிர்க்க வேண்டுமானால் நலமுள்ள இந்தியர்களை அளக்கவேண்டும். இந்தியரின் இரத்தவியல் பற்றிய தொடர் கட்டுரைகளில் நேப்பியரும் தாஸ்குப்தாவும் அதைச் செய்தனர். நகரவாசிகளோடு நில்லாமல், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் இரத்தத்தையும் ஆராய்ந்தனர்.

1936-இல் நேப்பியர் லான்செட் இதழில் வெப்பமண்டலப் பெருவணுச் சோகை பற்றி எழுதினார். கல்கத்தாவில் கருவுற்ற பெண்களின் சோகை குறித்தும் தனியே ஆய்வு நடந்தது. ஒரே பெண்ணிடம் இரும்புக் குறையும், கொக்கிப்புழுவும், மலேரியாவும், ஈஸ்டால் தீரும் அந்தப் பெயரற்ற குறையும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது வங்காளத்தில் பணியாற்றிய மருத்துவருக்கு அன்றாட அனுபவம். ஒன்றைத் தீர்த்தபின்தான் மற்றது வெளிப்படும். 1943-இல் கல்கத்தாவில் வெளியான நேப்பியரின் வெப்பமண்டல மருத்துவப் பாடநூலின் வழியே இவ்வறிவு ஒரு தலைமுறை மருத்துவர்களைச் சென்றடைந்தது. அந்நூல் வந்த ஆண்டு வங்கத்தின் பெரும்பஞ்ச ஆண்டு. நூலில் விவரிக்கப்பட்ட பசியின் நோய்கள் பள்ளியின் வாசலுக்கு வெளியே தெருக்களில் கிடந்தன.

4. திருவல்லிக்கேணியிலிருந்து பேர்ல் ரிவருக்கு

பெயரற்ற பொருளுக்குப் பெயர் கிடைத்தது அமெரிக்காவில். 1941-இல் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் 4 டன் பசலைவகைக் கீரையிலிருந்து அதைச் செறிவாகப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என அழைத்தனர். கீரையை டன் கணக்கில் பிழிந்து மருந்தாக்க முடியாது. அதன் கட்டமைப்பை அறிந்து, செயற்கையாக ஆக்க வேண்டும். அதைச் செய்து முடித்த லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். மாநிலக் கல்லூரிப் படிப்புக்குப் பின் துறவு பூண விரும்பி ராமகிருஷ்ண மடத்தை நாடியபோது, மருத்துவம் கற்றுத் தொண்டு செய்யுமாறு அறிவுறுத்தப்பட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து வந்தது ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்குக் காரணமாயிற்று, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணி கிட்டவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். பின்னர் 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

அவர் கப்பலேறுவதற்கு முன் அவர் குடும்பத்தில் இரண்டு சகோதரர்கள் அடுத்தடுத்து இறந்தனர். ஒருவரைக் கொண்டுபோனது வெப்பமண்டல ஸ்ப்ரூ. நம் மருத்துவ மரபு கிரகணி என்று சொல்லும் நோய்க்கு நெருக்கமானது அது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது, உடல் மெலியும், இரத்தம் வெளுக்கும். அந்த இரத்தத்தின் அணுக்களும் பெருத்தவையே. ஃபோலேட் குடலைத் தாண்டாததே காரணம். 1945-இல் லெடர்லி குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கி வெளியிட்டது. அடுத்த ஆண்டே டாம் ஸ்பைஸ் முதலியோர் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பயன் கண்டனர். தம் சகோதரரைக் கொன்ற நோய்க்கு மருந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஹார்வர்டில் இருந்தபோதே சைரஸ் ஃபிஸ்கேவுடன் ஏடிபி என்னும் நியூக்ளியோடைடைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தவர் அவர் என்பதையும் நினைவில் கொள்ளலாம். நியூக்ளிக் அமிலக் கட்டுமானப் பொருட்களின் வேதியியலை அவர் இருமுறை, இரு வேறு வழிகளில் தொட்டார்.

செயற்கை ஃபோலிக் அமிலம் விரைவில் கல்கத்தாவையும் எட்டியது. 1940களின் பிற்பகுதியில் தாஸ்குப்தாவும் இளைய இரத்தவியலர் ஜோதி பூஷண் சாட்டர்ஜியும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஊட்டக்குறைப் பெருவணுச் சோகைக்கு அதைப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். சாட்டர்ஜி பின்னாளில் அப்பள்ளியின் இயக்குநரானார். ஹீமோகுளோபின் இ - தலசீமியா ஆய்வுக்காக அறியப்பட்டு, 1966-இல் பட்நாகர் பரிசு பெற்றார். நேப்பியர் காலத்தில் ஈஸ்டாகவும் கல்லீரல் சாறாகவும் மட்டுமே கிடைத்த பொருள், சாட்டர்ஜியின் கையில் நிறுத்தளந்த மஞ்சள் பொடியாக இருந்தது.

5. சத்தின் உருவில் ஒரு தடை

அதே ஆண்டுகளில் பாஸ்டனில் நிகழ்ந்தது இதற்கு எதிர்த்திசை. மச்சையின் அணுப்பெருக்கத்தைத் தூண்டும் பொருள், கட்டுமீறிப் பெருகும் வெள்ளணுக்களை என்ன செய்யும்? ஃபார்பர் இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு லெடர்லியின் ஃபோலிக் அமில இணைச்சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் முடுக்கப்படுவதாக அவருக்குத் தோன்றியது. அந்தக் கவனிப்பு எவ்வளவு உறுதியானது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியுள்ளனர். ஆயினும் அதிலிருந்து எழுந்த கருத்து தெளிவானது: ஃபோலேட்டை மறுத்தால் புற்றணு பட்டினி கிடக்கும்.

உணவிலிருந்து ஃபோலேட்டை நீக்குவதற்குக் காலம் பிடிக்கும். ஃபோலிக் அமிலம் போலவே தோன்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் உடனே வேலை செய்யும். லெடர்லி வேதியியலர்கள் ஃபோலிக் அமில மூலக்கூற்றின் ஒரு ஹைட்ராக்சில் குழுவை எடுத்துவிட்டு அமினோ குழுவை வைத்து அமினாப்டெரினை ஆக்கினர். அதில் ஒரு மீத்தைல் குழுவையும் சேர்த்தபோது உருவானது அமெத்தாப்டெரின், அதாவது மெத்தோட்ரெக்சேட். 1948 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஃபார்பர் குழுவின் கட்டுரை வந்தது. அமினாப்டெரின் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முறையாகப் பின்வாங்கியது. இரண்டு மாதங்களில், ஆகஸ்டில், சுப்பாராவ் 53 வயதில் காலமானார்.

மருந்து கையில் இருந்தது. அது எங்கே செயல்படுகிறது என்பது தெரியவில்லை. 1950-இல் நிக்கோலும் வெல்ச்சும், அமினாப்டெரின் ஃபோலிக் அமிலத்தை அதன் ஒடுக்கப்பட்ட செயல்வடிவமாக மாறவிடாமல் தடுப்பதைக் காட்டினர். இடையில் ஒரு நொதி இருக்கவேண்டும். 1957-இல் ஃபட்டர்மனும், 1958-இல் மேரி ஜேன் ஆஸ்போர்னும் ஹியூனெக்கன்ஸும் கோழியின் ஈரலிலிருந்து ஃபோலேட்டை ஒடுக்கும் நொதிச் செயலை விவரித்தனர். மிக நுண்ணிய அளவு அமினாப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அந்நொதியை அடக்குவதையும் ஆஸ்போர்ன் குழுவினர் அதே ஆண்டில் நிறுவினர். 1961-இல் வெர்க்கைசர், மருந்து நொதியோடு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைந்து விலகாமல் நிற்பதைக் காட்டினார். பம்பாயில் லூசி வில்ஸ் உணவுக் கணக்கு எடுக்கத் தொடங்கி அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

6. மனித நொதி

மனித டிஎச்எஃப்ஆர் 187 அமினோ அமிலங்களைக் கொண்ட சிறிய புரதம். அதன் மரபணு 5-ஆம் குரோமோசோமில் உள்ளது. மெத்தோட்ரெக்சேட் பெற்ற நோயாளிகளின் வெள்ளணுக்களில் இந்நொதியின் அளவு கூடுவதை 1960களில் ஜோசப் பெர்ட்டினோ கவனித்தார். 1978-இல் ராபர்ட் ஷிம்கேயின் குழு, மருந்தை எதிர்த்து நிற்கும் எலி அணுக்களில் இந்நொதியின் மரபணுவே பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டது. மரபணுப் பெருக்கத்தால் புற்றணு மருந்தை வெல்லும் என்ற அறிவு இந்த நொதியிலிருந்து கிடைத்தது.

இதே நொதியைப் பாக்டீரியாவும் மலேரியா ஒட்டுண்ணியும் தம் வடிவில் கொண்டிருக்கின்றன. ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் அவ்வடிவங்களுக்கிடையிலான வேறுபாட்டைப் பயன்படுத்தினர். டிரைமெத்தோப்ரிம் பாக்டீரியாவின் நொதியை அடக்கும்; மனித நொதியைப் பெரும்பாலும் விட்டுவிடும். பைரிமெத்தமின் மலேரியா ஒட்டுண்ணியின் நொதியைத் தாக்கும். 1988 நோபல் பரிசின் பின்னணியில் இந்த வேறுபாடும் உண்டு. ரொனால்ட் ராஸ் 1898-இல் பறவை மலேரியாவின் சுழற்சியைக் கண்டறிந்த கல்கத்தாவில், காய்ச்சலும் சோகையும் ஒரே வீட்டில் குடியிருந்தன. இரண்டுக்கும் ஒரே நொதியின் இரு வடிவங்களோடு தொடர்பு உண்டு என்பதை அறிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இவ்வரலாற்றின் வட்டம் மூடியது 2011-இல். பிறவியிலேயே டிஎச்எஃப்ஆர் மரபணு பழுதுபட்ட குடும்பங்களைப் பற்றி இரண்டு ஆய்வுக் குழுக்கள் அவ்வாண்டு எழுதின. அக்குழந்தைகளின் உணவில் ஃபோலேட் குறைவில்லை, நொதிதான் செயல்படவில்லை. அவர்களிடம் காணப்பட்டவை பெருவணுச் சோகையும், மூளையில் ஃபோலேட் குறைவும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் உணவுக் குறையால் உண்டான அதே இரத்தப் படம், நொதிக் குறையால் மீண்டும் எழுந்தது. 80 ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிச் சில்லுகள் எதைக் காட்டின என்பதற்கு மரபணுச் சான்று கிடைத்தது.

7. கடன் யாருடையது?

கல்கத்தாவில் டிஎச்எஃப்ஆர் கண்டறியப்பட்டது என்று சொல்வது பொய்யாகும். நொதியைப் பிரித்தவர்கள் அமெரிக்கர்கள். ஃபோலிக் அமிலம் ஆக்கப்பட்டது நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில். தேசப் பெருமைக்காக வரலாற்றை வளைப்பதால் எவருக்கும் நன்மை இல்லை. ஆனால் அறிவியல் வரலாற்றில் கண்டுபிடிப்பு வேறு, வினா வேறு. எதைத் தேடவேண்டும் என்று தெரிந்திருந்ததால்தான் தேடுதல் நடந்தது. பெருவணுச் சோகைகள் ஒன்றல்ல, இரண்டு என்பதும், இரண்டாவது காரணி ஈஸ்டிலும் செறிவில்லாத கல்லீரல் சாற்றிலும் உள்ளது என்பதும், அது உணவின் குறை என்பதும் தென்னாசியப் பெண்களின் இரத்தத்திலிருந்து எழுதப்பட்டவை. வில்ஸ், நேப்பியர், தாஸ்குப்தா, சாட்டர்ஜி, சுப்பாராவ் என்று ஆய்வாளர்களைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. தம் இரத்தத்தைக் கொடுத்த பெண்கள் வழக்கு எண்களாகவே நிற்கின்றனர்.

கொல்கத்தாவின் வரைபடத்தில் இக்கதையின் இரு முனைகளையும் ஒரே பெயர் இணைக்கிறது. வெப்பமண்டல மருத்துவப் பள்ளி நிற்கும் சாலை தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயரைத் தாங்கியது. 1925-இல் மறைந்த அவர் பொதுநலனுக்கு விட்டுச்சென்ற இல்லத்தில், மறு ஆண்டு பெண்களுக்கான சித்தரஞ்சன் சேவா சதன் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக, சுபோத் மித்ராவின் உழைப்பால் உருவான சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் இரேன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்தார். இன்று அது சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பகுதி. சாலையின் பெயரைக் கொண்ட ஓரிடத்தில் ஃபோலேட் போதாமையால் வாடிய இரத்தம் ஆராயப்பட்டது. அதே பெயரைக் கொண்ட இன்னோரிடம் புற்றுநோயோடு போராட எழுந்தது. ஃபோலேட்டை மறுக்கும் மெத்தோட்ரெக்சேட் அப்போராட்டத்தில் உலகெங்கும் பயன்படும் மருந்துகளுள் ஒன்றாயிற்று. தாய்க்கு ஊட்டவேண்டியதும் புற்றணுவுக்கு மறுக்கவேண்டியதும் ஒரே பொருள் என்பதை இந்நகரத்தின் இரு கட்டடங்களுக்கிடையே நடந்தே விளக்கிவிடலாம்.

இது முடிந்த கதையும் அன்று. 1970-இல் இந்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது முதல், கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கப்படுகிறது. இன்றைய மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்டு. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் சோகையுடையவர்கள். மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 71.4 விழுக்காட்டினருக்குச் சோகை உண்டு. இதில் பெரும்பங்கு இரும்புக் குறையினுடையது. ஃபோலேட்டும் பி12-உம் அதனோடு பின்னிக் கிடப்பதை நேப்பியரின் காலத்திலேயே கல்கத்தா அறிந்திருந்தது. நொதியின் அணுக்களின் இருப்பிடம் வரை அறிந்த பின்னும், அந்நொதிக்கு வேண்டிய கீரையும் பருப்பும் தட்டுக்கு வந்து சேராத வீடுகள் இருக்கின்றன.

மெத்தோட்ரெக்சேட்டின் பாடம் வகுப்பறைகளில் இனியும் 1948-இல் தொடங்கலாம். ஆனால் அந்த மருந்து அடைக்கும் துளையின் வடிவத்தை உலகுக்கு முதலில் காட்டியவர்கள், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆலைக்கு நடந்த பெண்கள். அவர்களுடைய பெயர்கள் இனிக் கிடைக்கப்போவதில்லை. அவர்கள் இருந்த இடத்தைப் பாடத்தின் முதல் பக்கத்தில் குறிப்பதற்கு எந்த ஆவணமும் தடையாக இல்லை.